வேகத்துக்கு ஒரு வார்த்தை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இறக்கிப் பரணில் போட்ட நாளிலிருந்து கோடை விடுமுறை முடியும்வரை ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தோம். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. வேகம் என்று அர்த்தம் வர வேண்டும், போர்டில் எழுதினால் பார்க்க நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேம்ப் ரோட்டில் போகிற யாரை நிறுத்திக் கேட்டிருந்தாலும் ‘ஃபாஸ்ட்’ என்று சொல்லிவிட்டுத் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அதிகம். அதனால்தான் அவ்வளவு நாள் பிடித்தது.

வார்த்தை வேண்டியிருந்தது அத்தைக்கு. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடு சேலையூர் வீட்டில்தான் இருந்தாள். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். டைப்பிங்கில் இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் ஹையர் பரீட்சை முடித்தவள். காலை ஆறு மணி பேட்ச்சுக்குப் போய்விட்டு, இரவு எட்டு மணி பேட்ச் முடிந்துதான் திரும்புவாள். சாப்பாட்டு மேசையில் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் விரல்கள் மட்டும் மேசையின் விளிம்பில் ஏதாவது அடித்துக்கொண்டிருக்கும். என்ன அடிக்கிறாள் என்று கேட்டால், ‘உங்க அம்மா இன்னைக்கு ரசத்துல உப்பு போடலைன்னு அடிச்சேன்’ என்பாள்.

அந்த இன்ஸ்டிடியூட்டின் சொந்தக்காரர் வயதானவர். கோயம்புத்தூரில் இருக்கும் மகனோடு போய்த் தங்கிவிட முடிவுசெய்திருந்தார். மிஷின்களை அத்தையிடமே விட்டுவிட்டுப் போக அவருக்கு ஆசை. அவரிடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அத்தையோடு வரத் தயார். ஆனால் மே மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பல்லாவரத்தில் ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்குப் போய்விடும். இடத்துக்குப் பஞ்சம் இல்லை. எங்கள் வீட்டின் முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கார் ஷெட் ஒன்று இருந்தது. கார்தான் கிடையாது. வீடு கட்டும்போது அப்பாவுக்கு இருந்த நம்பிக்கையின் அடையாளமாக அதில் அவருடைய சைக்கிள் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

‘ஷெட் தாராளமா எடுத்துக்கோம்மா’ என்றார் அப்பா. ‘ஆனா எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு நல்ல பேரா வைக்கணும். பேர் வச்சு போர்டு மாட்டினப்புறம்தான் மத்ததெல்லாம்.’

அத்தை யோசிக்கவே இல்லை. ரேபிட், என்றாள். ரேபிட் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்.

ஏன் அந்த வார்த்தை என்று அவள் எனக்கு மட்டும் ஒரு காரணம் சொன்னாள். என் இரண்டு கைகளையும் எடுத்து மேசையில் வைத்து, அவற்றின் மேல் தன் கைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக அமுக்கிக் காட்டினாள். ஆர் இடது ஆள்காட்டி விரல். ஏ இடது சுண்டுவிரல். பி வலது சுண்டுவிரல். ஐ வலது நடுவிரல். டி இடது நடுவிரல். ‘அஞ்சு எழுத்துக்கு அஞ்சு விரல். ஒருத்தர் வேலை இன்னொருத்தர் தலையில விழலை பாரு. இதே ஃபாஸ்ட்னு அடிச்சுப் பாரு. நாலு எழுத்தும் இடது கை. வலது கை சும்மா உக்காந்து வேடிக்கை பாக்குது, உங்க அப்பா மாதிரி.’ அடுப்படியிலிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் கிண்டியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட். வாழ்க்கையில் யாருக்கும் ‘முடியாது’ என்று சொன்னவர் இல்லை. வருகிற ஃபைல் எதையும் அவர் நிராகரித்ததும் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு சந்தேகம் எழுதித் திருப்பி அனுப்புவார். அந்தச் சந்தேகம் தீர்ந்து ஃபைல் திரும்பி வந்தால் இன்னொரு சந்தேகம் வரும். சந்தேகங்கள் எல்லாமே நியாயமானவையாக இருக்கும். அதுதான் அவருடைய திறமை.

‘ரேபிட் நல்ல பேருதான்’ என்றார் அப்பா. ‘ஆனா டாக்டருங்க நாடி பிடிச்சுப் பார்த்துட்டுதானே பல்ஸ் ரேபிடா இருக்குன்னு சொல்வாங்க? காய்ச்சல்காரனுக்குச் சொல்ற வார்த்தையை இன்ஸ்டிடியூட்டுக்கு வைக்கலாமான்னு ஒரு யோசனை.’

இப்படித்தான் அது ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, குரோம்பேட்டையிலிருந்து மாமா சாப்பிட வந்திருந்தார். மாமா அம்மாவின் தம்பி. தினம் ஆங்கிலப் பேப்பரை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பவர். இந்த மாதிரி ஒரு வாய்ப்புக்காக அவர் பல வருடங்களாகக் காத்திருந்திருக்க வேண்டும். பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ‘ஸ்விஃப்ட்’ என்றார். அந்த வார்த்தையில் ஒரு நளினம் இருக்கிறதாம், வேகமும் தெரியுமாம், அவசரமும் தெரியாதாம். அப்பா தலையாட்டினார். அருமையான வார்த்தை, ஆனால் பறவைக்கும் மானுக்கும் பொருத்தமாக இருக்குமே தவிர, உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்துமா என்று கேட்டார். அத்தை மேசை விளிம்பில் ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு, ‘எஸ்ஸும் டபிள்யூவும் ஒரே விரல், எஃப்பும் டீயும் ஒரே விரல். அந்த ரெண்டும் பாவம்’ என்றாள். மாமாவுக்கு இது ஒரு வாதமாகவே படவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா ‘குயிக்’ கொண்டுவந்தார். அது தலைவலி மாத்திரைக்கு வைக்கிற பெயர் என்றார் அப்பா. ‘ஸ்பீடு’ என்றால் ஜி.எஸ்.டி. ரோட்டில் மெதுவாகப் போகச் சொல்லி வைத்திருக்கிற பலகை ஞாபகம் வருகிறது. ‘எக்ஸ்பிரஸ்’ என்றால் நடுவில் இருக்கிற ஸ்டேஷன்காரர்களை எல்லாம் விட்டுவிட்டுப் போகிற வண்டி. மெதுவாகப் படிக்கிற பிள்ளைகள் மனசு நோகாதா? ‘ஃபாஸ்ட்’ என்று சொன்னபோது மட்டும் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு பெண் நடத்துகிற இடத்துக்கு அந்தப் பெயர் சரிவராது என்று முடித்துவிட்டார். எனக்கு விளங்கவில்லை. பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் என்னை ஃபாஸ்ட் என்றுதான் சொன்னார்கள்.

மாமா உண்மையாகவே சண்டை போட்டார். வார்த்தைக்காக முகம் சிவந்து, தண்ணீர் குடித்து, ஒரு நாள் கோபித்துக்கொண்டு காபி குடிக்காமலேயே கிளம்பிப் போனார். இவ்வளவுக்கும் இன்ஸ்டிடியூட் திறக்கிறதா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. பெயர் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்தேன். இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் எனக்கும் ஒரு ஓட்டு உண்டு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பள்ளி நூலகத்தில் தலையணை கனத்தில் ஒரு அகராதி இருந்தது. மதிய இடைவேளையில் அதைப் புரட்டி, வாரத்துக்கு ஒரு வார்த்தை பிடித்துக்கொண்டு வந்தேன். முதலில் ‘பிரிஸ்க்’ கொண்டுவந்தேன். அப்பா பூரித்துப்போனார். ‘பாத்தியா, என் பொண்ணு! இது யாருக்கும் தோணலையே’ என்று எனக்குத் தேன் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பிறகு யோசித்துவிட்டு, பிரிஸ்க் என்றால் காலையில் வாக்கிங் போகிறவர்களுக்குச் சொல்வது, இன்னும் நல்லதாகப் பார் என்றார். ‘ப்ராம்ப்ட்’ கொண்டுவந்தேன். தேன் மிட்டாய். ‘ஹேஸ்டி’ கொண்டுவந்தேன். அதற்கும் தேன் மிட்டாய். வார்த்தை தேறியதோ இல்லையோ, மிட்டாய்க்குக் குறைவில்லை. அத்தைக்கு நான்தான் மிகப் பெரிய உதவி செய்துகொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தையும் நான் வார்த்தை கொண்டுவரும்போதெல்லாம் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, ‘போதும்டி தங்கம், உன் பல்லு சொத்தையாயிடும்’ என்பாள். பல்லைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் வடக்கே எங்கேயோ இரும்பு ஆலையில் இன்ஜினியராக இருக்கும் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தது. ஜூன் மாதம் லீவில் வரும்போது அத்தையைப் பார்க்க வருவார்களாம். நல்ல குடும்பம், நல்ல சபை. பெண் வேலைக்குப் போவதில் அவர்களுக்கு இஷ்டமில்லை, அது ஒன்றுதான். ஒரு நாள் அப்பா அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அம்மா டிபன் டப்பாவைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

‘வேகத்துக்கு ஒரு வார்த்தை கண்டுபிடிக்க நாலு மாசமா? வேண்டாம்னா வேண்டாம்னு அவகிட்ட நேராவே சொல்லிடுங்களேன்.’

‘நான் எங்க வேண்டாம்னேன்?’ என்றார் அப்பா. ‘நல்ல பேரா வைக்கணும்னுதானே சொல்றேன். ஜூன்ல அவங்க வந்து பார்க்கட்டும். வாசல்ல பொண்ணு பேர்ல ஒரு கடை இருந்தா என்ன நினைப்பாங்க? எனக்கு மட்டும் அவ மேல அக்கறை இல்லையா?’

அப்பாவுக்கு அக்கறை இல்லை என்று யாருமே சொல்ல முடியாது. அத்தைக்குத் தலைவலி என்றால் கேம்ப் ரோட்டிலிருக்கிற மூன்று மருந்துக் கடைக்கும் போய்வருவார். அத்தை காலை இருட்டில் கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடப்பார். எனக்கு அந்தப் பேச்சிலிருந்து விளங்கியதெல்லாம், ஜூனுக்குள் நான் இன்னும் நல்ல வார்த்தையாகக் கண்டுபிடித்தாக வேண்டும் என்பதுதான்.

மே மாதம் பாதி போய்விட்டது. போர்டு எழுதுகிற பெயிண்டர் வாரம் தவறாமல் சைக்கிளில் வந்து வாசலில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்பார். ‘இன்னா டீச்சர், பேரு இன்னும் ரெடி ஆவலியா? பலகைக்கு பிரைமர் அட்ச்சி வச்சி எத்தினி நாளாச்சு. சொம்மா செவுத்துல சாஞ்சிகினு கீது.’ அத்தை அப்பாவைப் பார்ப்பாள். அப்பா வானத்தைப் பார்ப்பார். பெயிண்டர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்.

பிறகு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்றபோது, அத்தை நேராகப் போதகரிடம் போனாள். அப்பா பக்கத்திலேயே நின்றார். ‘ஐயா, வர்ற சனிக்கிழமை காலைல வீட்டுக்கு வந்து இன்ஸ்டிடியூட்டுக்காக ஜெபம் பண்ணிக் கொடுக்கணும். அண்ணாவும் ரொம்ப ஆசைப்படறாங்க’ என்றாள். போதகர் மகிழ்ச்சியோடு பையிலிருந்து டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். அப்பா எந்த அதிகாரியிடமும் சந்தேகம் கேட்பார். ஆனால் போதகரிடம் கேட்டுப் பழக்கமில்லை. ‘ஸ்தோத்திரம் ஐயா’ என்று மட்டும் சொன்னார். வீடு வரும்வரை சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார்.

அன்று மாலையே அத்தை பெயிண்டரைக் கூப்பிட்டனுப்பினாள். மேலே ஒரு வரிக்கு இடம் விட்டுவிட்டு மிச்சத்தை எழுதச் சொன்னாள்.

‘பேரு இல்லாம போர்டா? ஜோக் அடிக்கிறியா டீச்சர்?’

‘பேரு வர்றப்போ வரட்டும். அண்ணா முடிவு பண்ணி சொன்னதும் எழுதிக்கலாம். அவங்களுக்கு ஒன்னும் அவசரமில்லை.’

இதை அப்பாவுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பெயர் வைக்காமல் போர்டு மாட்டக் கூடாது என்று அவர் ஒரு நாளும் எழுத்தில் கொடுக்கவில்லை என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மிஷின்கள் மீன்பாடி வண்டியில் வந்தன. ஓட்டியவர் மிதிக்க, சாக்குப் போட்டு மூடிய மிஷின்களின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அத்தை மேற்குத் தாம்பரத்திலிருந்தே கூட நடந்து வந்தாள். முகமெல்லாம் வியர்வை. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அப்பா அலுவலகத்திலிருந்து வந்து, ஷெட்டிலிருந்த தன் சைக்கிளை எடுத்துக் கிணற்றடியில் சார்த்தி வைத்தார்.

சனிக்கிழமை ஷெட்டின் மேல் போர்டு ஏறியது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. கீழே ‘டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும். அதற்கும் கீழே ‘லோயர், ஹையர்’. மேலே ஒரு கை அகலத்துக்கு வெறும் பச்சை. போதகர் நீளமாக ஜெபம் செய்வார். அன்றைக்கும் கட்டடத்தையும், மிஷின்களையும், படிக்க வரும் பிள்ளைகளையும், அவர்களைப் பெற்றவர்களையும் ஒவ்வொன்றாக ஆண்டவர் சமூகத்தில் வைத்தார். கடைசியில் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. ‘உம்முடைய மகள் இன்றைக்குத் துவங்குகிற இந்த...’ என்று நிறுத்தி, ஒரு கண்ணை மட்டும் திறந்து போர்டைப் பார்த்தார். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். ‘இந்த... இந்த...’ என்றார் மறுபடியும். ‘இதன் பெயரை நீர் அறிந்திருக்கிறீர், ஆண்டவரே’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக ‘ஆமென்’ சொன்னது மாமாதான். ஆண்டவராவது ஸ்விஃப்ட் பக்கம் இருப்பார் என்று அவருக்கு நம்பிக்கை.

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் வீடு வேறு வீடாகிவிட்டது. காலை ஆறு மணிக்கே ‘ஏ எஸ் டி எஃப்’ ஆரம்பித்துவிடும். வரி முடிந்து மணியடிக்கிற சத்தமும், கேரியேஜைத் தள்ளுகிற சத்தமும் சமையலறை வரைக்கும் வரும். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்தும் மாடம்பாக்கத்திலிருந்தும்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். வழி கேட்கிறவர்களிடம் ஊர்க்காரர்கள் ‘பேரில்லாத இன்ஸ்டிடியூட்டா? அதோ’ என்று காட்டினார்கள். நான் அகராதியிலிருந்து கொண்டுவந்திருந்த வார்த்தைகளை அத்தை வீணாக்கவில்லை. பிரிஸ்க், ப்ராம்ப்ட், ஹேஸ்டி என்று வரிசையாகக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி, புதிதாக வந்தவர்களை அடித்துப் பழகச் சொன்னாள். அவர்கள் அடிப்பதை நான் ஜன்னல் வழியாகப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா முதல் வாரம் சத்தத்தில் பேப்பர் படிக்க முடியவில்லை என்று முணுமுணுத்தார். இரண்டாவது வாரம் காபியை எடுத்துக்கொண்டு ஷெட் வாசலுக்குப் போய் நின்று குடித்தார். பார்க்கிற பார்வையில் ஏதோ தணிக்கைக்கு வந்த அதிகாரிபோலத்தான் இருந்தார். அத்தை ஒரு பையனின் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் தப்பில்லாமல் ஒரு வரி அடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள். அப்பாவும் காபி ஆறும்வரை நின்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஷின்களுக்கு ஓய்வு. மத்தியானம் படுத்தவர் புரண்டு புரண்டு பார்த்துவிட்டு எழுந்துவந்து, ‘என்ன இன்னைக்கு வீடே டல்லா இருக்கு?’ என்றார். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு பூண்டு உரித்தாள்.

ஜூன் மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல கோப்பைகள் அலமாரியிலிருந்து இறங்கின. மாமா ஒத்தாசைக்கு வந்திருந்தார். மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே மூன்று பேரும் போர்டைத்தான் பார்த்தார்கள். அன்று வேலைநாள், ஷெட்டில் மாலை பேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா போர்டில் ஏன் பெயர் இல்லை என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆதியிலிருந்து விவரிக்கத் தொடங்கினார். முடித்துவிட்டு மாப்பிள்ளையிடமே அபிப்பிராயம் கேட்டார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, கழுத்தைத் தடவிக்கொண்டு, ‘வெலாசிட்டின்னு வைக்கலாம்’ என்றார். மாமாவுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

அந்த அம்மா அதில் மனம் செலுத்தவில்லை. ‘பேரெல்லாம் எதுக்கு? எப்படியும் ரெண்டு மாசத்துல மூடிரலாம்ல? அங்க வந்துட்டா இதுக்கெல்லாம் நேரம் ஏது?’ என்றார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

அத்தை காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். ஃபைலைக் கையில் எடுத்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

‘மூடறதுன்னா ஒரு சந்தேகம்’ என்றார் மெதுவாக. ‘அதுக்கு இன்னும் பேரே வைக்கலை. பேரே வைக்காததை எப்படி மூடறது?’

அவர்கள் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தால் தமிழ் மிஷின் உண்டா என்று கேட்டார். ஆகஸ்டில் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளை அதுவரைக்கும் யார் பார்த்துக்கொள்வது, அதற்கு அப்புறம் சேர்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் அவ்வளவு பணிவாக, அவ்வளவு நியாயமாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல முயன்று, மூன்றாவதில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் அம்மா முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடியதை நான் பார்த்தேன். இருமல் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆட்டோ திரும்பிப் போனபிறகும் அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து போர்டைப் பார்த்தபடி நின்றார். அத்தை பின்னால் வந்து நின்றாள்.

‘அந்தப் பெயிண்டர் இப்ப எங்க இருப்பான்?’ என்றார் அப்பா. ‘நீ முதல்ல ஒன்னு சொன்னியே, அதையே எழுதச் சொல்லு.’

‘எதுண்ணா?’

‘ரேபிட்.’

‘அது நாடிக்குச் சொல்றதுன்னு நீங்கதானே...’

‘நாடின்னா துடிக்கத்தானே வேணும்’ என்றார் அப்பா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பள்ளி மூடுமுன் குறித்துவைத்திருந்த ஒரு வார்த்தையை அன்றைக்கென்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எக்ஸ்பெடிஷியஸ். என் வாழ்நாளில் அதுவரை பிடித்ததிலேயே பெரிய வார்த்தை. ஒரு மிட்டாயோடு போகாது, ஒரு பாக்கெட்டே கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எத்தனை மதிய இடைவேளை, எத்தனை பக்கம், கடைசியில் அத்தை முதல் நாள் சொன்னதையே வைப்பது என்றால் இந்த மனிதர்கள் இத்தனை மாதம் எதற்காகப் பேசினார்கள்? மறுநாள் காலை பெயிண்டர் ஏணியில் ஏறியதும், கீழே நின்று அவரிடமே என் வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு முழுசாகக் கேட்டார். ‘அத்த எய்தணும்னா பக்கத்து வூட்டு செவுரும் வோணும், பாப்பா’ என்றுவிட்டு, மேலே இருந்த வெறும் பச்சையில் ‘ஆர்’ போட்டார்.

அத்தை பேட்ச்சை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றாள். பக்கத்தில் அப்பா, அலுவலகத்துக்கு நேரமாகியும் போகாமல் நின்றார். பெயிண்டர் ஒவ்வொரு எழுத்தாக முடிக்க முடிக்க, அத்தையின் விரல்கள் புடவை மடிப்பின் மேல் அதை அடித்தன. இடது ஆள்காட்டி. இடது சுண்டு. வலது சுண்டு. வலது நடு. கடைசி எழுத்தில் அவளுடைய விரல் நின்றுவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்பா அவள் பக்கம் திரும்பாமலே, தன் கைக்குட்டையை எடுத்து அவள் கைக்கு எட்டுகிற மாதிரி கேட்டின் மேல் வைத்தார். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைக்குட்டையைக் கொடுத்துவிட்டதால் சட்டை நுனியில்.

நான் உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம், அத்தைக்குப் பிடித்த பேரைத்தானே வைக்கிறார்கள், பின்னே ஏன் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று கேட்டேன். அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, ‘அது பெயிண்ட்டுடி. புது பெயிண்ட் நெடி கண்ணைக் கரிக்கும்’ என்றாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அவ்வளவு தூரம் தள்ளி நின்றவளையே கரித்தது என்றால் பொல்லாத பெயிண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் கிறிஸ்துமஸுக்காக வீட்டு ஜன்னல் கதவுகளுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தார்கள். நான் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து மெல்ல ஒரு விரலை விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் கரிக்கவில்லை. ஷெட்டில் மிஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அப்பா ஷெட் வாசலில் காபியோடு நின்றுகொண்டிருந்தார். இது வேறே கம்பெனி பெயிண்ட் போலிருக்கிறது என்று சமாதானமாகி, விளையாடப் போய்விட்டேன்.